பாண்டிய ராஜாவும் என் நண்பனும் வாங்கின குதிரை

 

இன்னைக்கு எபிசோட் ஒரு குதிரையைப் பத்தி. என் நண்பன் ஒருத்தன் குதிரை வாங்கினான். வாங்கி, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கட்டி வெச்சதுக்கு அப்புறம் 'குதிரை வாங்கலாமா'ன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் யோசனை கேட்டான். கதை அவ்வளவுதான். ஆனா இதே கதை எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி பாண்டிய ராஜாவுக்கும் நடந்திருக்கு. அதையும் சேர்த்துச் சொல்றேன்.

அவன் பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். கதை சொல்ல அனுமதி குடுத்துட்டான், பேருக்குக் குடுக்கல.

ஜிஎஸ்எம் பாக்கறவன்

எங்க ஊர் கணியூர். மடத்துக்குளம் பக்கம், அமராவதி பாசனம். எங்க செட்ல பாதிப் பேர் திருப்பூர்ல ரூம் எடுத்துத் தங்கி, பனியன் கம்பெனியில வேலை பாத்து, வாரக் கடைசியில ஊருக்கு வர்றவங்க. நம்ம ஆளும் அப்படித்தான். துணியோட தரம் பாக்கறது அவன் வேலை.

அவன் வேலை பாக்கறதை நீங்க பாக்கணும். ரோல் வந்து இறங்கினதும் வட்டமா ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, ஜிஎஸ்எம் பாப்பான். துவைச்சுக் காயப்போட்டு எவ்வளவு சுருங்குதுன்னு அளப்பான். வெள்ளைத் துணியில தேய்ச்சு சாயம் ஒட்டுதான்னு பாப்பான். ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒரு தடவை, வெயில்ல ஒரு தடவைன்னு ஷேடு பாப்பான். சந்தேகம் வந்தா லாட்டையே திருப்பி அனுப்பிடுவான்.

ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு டெஸ்ட் பண்றவன், முந்நூத்தைம்பது கிலோ உயிர் ஒண்ணை ஒரு ரீல்ஸ் பாத்து வாங்கினான்.

ரீல்ஸ்ல என்ன இருந்துச்சுன்னா, ஒரு மார்வாரி குதிரை. மார்வாரி தெரியும்ல? ராஜஸ்தான் பக்கத்து இனம், ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனி நுனியைத் தொடற மாதிரி இருக்கும். நாலு வயசு, ஆண் குதிரை, காயடிக்காதது. பின்னாடி படத்துல ஹீரோ என்ட்ரிக்கு வர்ற மாதிரி மியூசிக். குதிரை ரெண்டு கால்ல எழுந்து நிக்குது, ஸ்லோ மோஷன்ல. எனக்கு ஃபார்வர்ட் பண்ணி, 'மாப்ள, எப்படி?'ன்னு கேட்டான்.

'வாங்கிடு'ன்னு சொன்னேன். இந்தக் கதையில முதல் முட்டாள் நான்தான்.

குதிரையேத்தத்துல அவனோட மொத்த அனுபவம் ஊட்டி லேக் பக்கத்துல பத்து நிமிஷம். குதிரைக்காரர் கயித்தைப் புடிச்சிட்டு முன்னாடி நடந்தார், இவன் மேல உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிச்சான். 'புல்லட்டே ஓட்டறேன், இது என்ன'ன்னு கேட்டான். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

பாக்கப் போனோம். நாங்க போய்ச் சேரும்போதே குதிரை சேணம் கட்டித் தயாரா நின்னுச்சு. உடம்பெல்லாம் வேர்வை. தலையைத் தொங்கப் போட்டு அமைதியா இருந்துச்சு. 'எவ்வளவு சாதுவா இருக்கு பாரு'ன்னு நான் சொன்னேன். அது சாது இல்ல மக்களே, களைப்பு. விடிஞ்சதுல இருந்து ஓட்டி ஓட்டி அடக்கி நிறுத்தியிருக்காங்க. 'அண்ணா, முதல்ல நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்க'ன்னு எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கும் தோணல. நான் கேட்ட ஒரே கேள்வி, 'அந்த ரீல்ஸை ஹெச்டில அனுப்புவீங்களா'.

ராத்திரி பதினொரு மணி

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்றான். 'மாப்ள, இது வேற குதிரை.'

'என்னடா சொல்ற?'

'காலையில பாத்த குதிரை இது இல்ல. கத்துது, உதைக்குது, கட்டுத்தாரையில முளைக்குச்சியைப் புடுங்கிருச்சு. பக்கத்துத் தோட்டத்துல யாரோ ஒரு பெட்டைக் குதிரை வெச்சிருக்காங்களாம், அந்தப் பக்கமே பாத்துட்டு நிக்குது.'

எனக்கு உடனே நரி பரி கதை ஞாபகம் வந்துச்சு. குதிரை வாங்கச் சொல்லி பாண்டிய ராஜா மாணிக்கவாசகர்கிட்ட பணம் குடுத்து அனுப்பறார். அவர் திருப்பெருந்துறையில, அதாவது இப்ப இருக்கற ஆவுடையார்கோவில்ல, அந்தப் பணத்தைக் கோவிலுக்குச் செலவு பண்ணிடறார். அப்புறம் சிவபெருமானே குதிரை வியாபாரியா வந்து, காட்டு நரிகளைக் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிட்டு வர்றார். ராஜாவுக்குப் பரம சந்தோஷம். ராத்திரி ஆனதும் எல்லாம் திரும்ப நரியாகி, லாயத்துல ஏற்கனவே இருந்த குதிரைகளையும் கடிச்சு வெச்சிட்டு ஓடிப்போயிடுது. இன்னைக்கும் மதுரையில ஆவணி மூலத் திருவிழாவுல இதை நடத்திக் காட்டறாங்க.

இந்தக் கதையில எனக்குப் புடிச்ச ஒரு சின்ன விஷயம் இருக்கு. குதிரையைக் குடுக்கும்போது கயிறு மாத்திக் குடுக்கறாங்க. கயிறு கை மாறிடுச்சுன்னா, அதுக்கப்புறம் நல்லதோ கெட்டதோ வாங்கினவன் பாடு. நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட். சிவனே வித்தாலும் அதுதான் ரூல்.

மறுநாள்ல இருந்து யோசனை கேக்கற படலம். அவன் கேட்ட கேள்விகளை நான் குறிச்சு வெச்சிருக்கேன். 'ஏற விடவே மாட்டேங்குது, வேற சேணம் வாங்கலாமா?' 'கடிக்க வருது, தண்டிச்சா மறந்துடுமா?' 'நேராப் போகச் சொன்னா வீட்டைப் பாத்துத் திரும்புது, கடிவாளம் மாத்தணுமா?' ஒரு நாள் சீரியஸாவே கேட்டான், 'குதிரைக்கு ரிவர்ஸ் எப்படிடா?'

டீக்கடை பெஞ்ச்ல எல்லாத்துக்கும் பதில் கிடைச்சுச்சு. ஒருத்தர் சுழி சரியில்லைன்னார். ஒருத்தர் கட்டின திசை சரியில்லைன்னார். ஒருத்தர் கொள்ளு பத்தலைன்னார், அடுத்தவர் கொள்ளுதான் அதிகம்னார். ஒரு அண்ணன் முள்ளு வெச்ச கடிவாளம் வாங்கச் சொன்னார். எங்க குரூப்ல குதிரை பத்தி ஒண்ணுமே தெரியாத நான், யூடியூப் பாத்துட்டு, 'நீ தான் லீடர்னு அதுக்குப் புரிய வைக்கணும்'னு சொன்னேன்.

இதுல ஒருத்தர் கூட, நான் உட்பட, 'தம்பி, இந்தக் குதிரை உனக்கு ஆகாது'ன்னு சொல்லல. அவன் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரே பதில்தான். ஆனா அவன் அந்தக் கேள்வியைக் கேக்கல, நாங்களும் அந்தப் பதிலைச் சொல்லல.

கொம்பில்லாத மாடு

எங்க பக்கம் காங்கேயம் மாடு வளர்க்கற பக்கம். மாட்டைப் பத்தி எங்க ஆளுங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அதுதான் இங்க பிரச்சனையே. அவங்க அப்புச்சி குதிரையைச் சுத்தி வந்து பாத்துட்டு, 'கொம்பில்லாத மாடுதானடா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டார். தவிடு, புண்ணாக்கு, பழைய சோறு, மாட்டுத் தீவனம், எல்லாம் ஒரே நாள்ல, தொட்டி நிறைய.

மூணாம் நாள் குதிரை படுத்து உருளுது. எழுந்திரிக்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, மறுபடி படுக்குது. சாணி போடல. வயித்து வலி. கால்நடை டாக்டர் வந்து, மூக்கு வழியா ட்யூப் போட்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூட இருந்துதான் காப்பாத்தினார்.

அன்னைக்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. மாட்டுக்கு நாலு அறை வயிறு, அள்ளிப் போட்டுக்கிட்டு அப்புறம் உட்கார்ந்து அசை போடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் உடம்போட ஒப்பிட்டா சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா புல்லும் தட்டும் தின்னுட்டே இருக்கணும். அதோட எடையில நூத்துக்கு ஒண்ணரைல இருந்து ரெண்டு பங்கு வரைக்கும் காய்ஞ்ச தீவனமாவே வேணும். எதை மாத்தினாலும் ஒரு வாரம் பத்து நாள் எடுத்து மெதுவா மாத்தணும். முக்கியமா, குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது மேல திரும்பி வராது. மாட்டுத் தீவனத்துல கலக்கற சில மருந்துகள் குதிரைக்கு விஷமாவே ஆகிடும்.

இப்ப பாண்டிய ராஜாகிட்ட போவோம். இது புராணம் இல்ல, வரலாறு.

1290கள்ல மார்க்கோ போலோ நம்ம கடற்கரைக்கு வந்திருக்கார். இங்க குதிரை வளர்ப்பு இல்லை, ஹோர்முஸ், கிஸ், ஏடன் பக்கத்து வியாபாரிகள் கப்பல்ல கொண்டு வந்து விக்கறாங்கன்னு எழுதறார். ராஜா ஒருத்தர் மட்டும் வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்கறார், அவரோட சகோதர ராஜாக்களும் அதே மாதிரி வாங்கறாங்க. வருஷக் கடைசியில நூறு குதிரை கூட மிஞ்சறதில்லையாம். ஏன்னா சோறும் வேகவெச்ச கறியும் போடறாங்க, குதிரையைப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆள் இல்லைங்கறார்.

வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீக வரலாற்று ஆசிரியர், அவரும் கிட்டத்தட்ட அதே காலம். அவர் சொல்றது இன்னும் மோசம். வந்த குதிரையை நாப்பது நாள் லாயத்துல கட்டிப் போட்டுக் கொழுக்க வைக்கறாங்க, நெய் சேர்த்த தானியம், காய்ச்சின பால் எல்லாம் குடுக்கறாங்க. அப்புறம் எந்தப் பயிற்சியும் இல்லாம நேரா மேல ஏறி ஓட்டறாங்க. அருமையான குதிரைகள் கொஞ்ச நாள்லயே ஒண்ணுக்கும் உதவாம போயிடுதுங்கறார். கப்பல்ல வர்ற வழியில செத்த குதிரைக்கும் ராஜா கஜானாவுல இருந்தே காசு.

வெளியூர்க்காரங்க எழுதினது, கொஞ்சம் மசாலா இருக்கலாம். நம்ம வெக்கையும் ஒரு காரணமா இருந்திருக்கும். ஆனா அப்புச்சி வெச்ச தொட்டியைப் பாத்தவன் நான். எனக்கு நம்ப முடியுது.

மார்க்கோ போலோ இன்னொண்ணும் சொல்றார். அந்த வியாபாரிகள் குதிரை வைத்தியம், லாடம் தெரிஞ்ச ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றதில்ல. வர்றவனையும் தடுத்துடறாங்களாம். ஏன்னா குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்?

இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வரல. தெரியாதவன் தெரியாதவனாவே இருக்கறது, விக்கறவனுக்கு லாபம். ரீல்ஸ்ல குதிரை ரெண்டு கால்ல நிக்கறதை மட்டும் காட்டினவருக்கும் இதே கணக்குதான். குதிரையைப் பழக்கி அப்படி நிக்க வைக்கறவங்க இருக்காங்க, அது வேற. சொல்லாம அதுவா எழுந்து நின்னா, பயம், வலி, இல்லைன்னா 'எனக்கு முடியாது'ன்னு அர்த்தம். நாங்க அதைப் பாத்து லைக் போட்டோம்.

வாய்க்கால்

பத்தொம்பதாவது நாள். காலையில வாய்க்கால் மேட்டுல ஏறிப் போறான். எதிர்ல சைலன்சர் கழட்டின பைக் ஒண்ணு வந்துச்சு. குதிரை மிரண்டுச்சு. இவன் பயத்துல கடிவாளத்தைப் பின்னாடி இழுத்தான், விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு காலாலயும் வயித்தை இறுக்கிப் புடிச்சான். இழுத்தா நில்லுன்னு அர்த்தம். காலால அழுத்தினா போன்னு அர்த்தம். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒண்ணா மிதிச்சா வண்டி என்ன பண்ணும்? முன்னாடியும் போக முடியாம, நிக்கவும் முடியாம, அது மேல எழுந்துச்சு. ரீல்ஸ்ல பாத்தோமே, அதே ஷாட். ஸ்லோ மோஷன் மட்டும் இல்ல.

இவன் வாய்க்கால்ல விழுந்தான். தண்ணி விட்டிருந்த நேரம், அதனால காறை எலும்போட போச்சு. மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கக் கூடாதுன்னு பழமொழி இருக்கு. உயிர்க் குதிரையை நம்பி வாய்க்கால் மேட்டுல போகலாமான்னு யாரும் சொல்லி வைக்கல.

நான் போனப்ப குதிரை இருபது அடி தள்ளி நின்னு புல்லு மேஞ்சுட்டு இருந்துச்சு, ஒரு தப்பும் பண்ணாத மாதிரி. அது பண்ணவும் இல்ல.

அந்தியூர்

ஆடி மாசம் அந்தியூருக்குப் போனோம், அவன் கையில தூளியோட. அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோவில் திருவிழாவுல கூடற சந்தை தெரியும்ல? மாடு, ஆடு, குதிரை எல்லாம் வரும். காத்தியவார், மார்வாரி, வெள்ளை வெளேர்னு நொக்ரான்னு பந்தல் பந்தலா குதிரை நிக்கும். திப்பு சுல்தான் காலத்துலயே படைக்கு இங்க குதிரை வாங்கினாங்கன்னு சொல்வாங்க.

பந்தல் நிழல்ல ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பல வருஷமா குதிரை வெச்சிருக்கறவர். கையைப் பாத்ததுமே கேட்டுட்டார்.

'ஏனுங் தம்பி, குதிரைங்களா?'

'ஆமாங்கய்யா.'

'எத்தனாவது தடவைங் விழுகறது?'

'முதல் தடவைங்க.'

'அப்ப இன்னும் ஏறவே ஆரம்பிக்கலீன்னு சொல்லுங்க. குதிரைக்கு என்ன வயசுங்?'

'நாலுங்க.'

'உங்களுக்கு?'

'இருபத்தொம்பதுங்க.'

'அதில்லீங் தம்பி. குதிரையேத்தத்துல உங்களுக்கு என்ன வயசு?'

இவன் கணக்குப் போட்டு, 'பத்தொம்பது நாளுங்க'ன்னான்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், 'மொதக் குதிரைங்கறது வாத்தியாருங் தம்பி. உங்களுக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. வாத்தியாருக்கே பாடம் தெரியலீன்னா பள்ளிக்கூடம் எப்படிங் நடக்கும்?'

அவர்கிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டதைச் சுருக்கிச் சொல்றேன், யாருக்காவது உதவும். முதல்ல ஆறு மாசமாவது அடுத்தவங்க குதிரையில ஏறிக் கத்துக்கணும். முதல் குதிரை பத்து வயசுக்கு மேல, பல பேரைச் சுமந்து பழகினதா, பெட்டையாவோ காயடிச்சதாவோ இருக்கணும். ரேஸ்ல ஓடி ஓய்ஞ்சது மலிவாக் கிடைக்கும், அதுவும் புது ஆளுக்கு வேண்டாம். ஓடறதுக்கு மட்டுமே பழகினது அது. பாக்கப் போனா சொல்லாம போகணும், ரெண்டு மூணு தடவை போகணும். சேணம் கட்டறதுல இருந்து கண்ணால பாக்கணும். முதல்ல விக்கறவர் ஏறணும், அப்புறம் நம்ம கூட வந்த தெரிஞ்ச ஆள், அப்புறம்தான் நாம. நாலு குளம்பையும் தூக்கிப் பாக்கணும். வாயைத் திறந்து பல்லைப் பாத்து வயசு தெரிஞ்சுக்கணும். தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது, காசு குடுத்து வாங்கறதைப் பாக்கலாம். டாக்டர் பாக்காம கயிறு வாங்கக் கூடாது.

என் நண்பன் எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவா சொன்னான், 'மாப்ள, இது நான் துணிக்குப் பண்றதுதான்டா.'

அடுத்த ரீல்ஸ்

இங்கதான் நான் உண்மையில சொல்ல வந்த விஷயம் இருக்கு.

குதிரையை வித்துடலாம்னு முடிவாச்சு. போட்ட காசு வரணும். என்ன பண்ணோம் தெரியுமா? ரீல்ஸ் எடுத்தோம். நான்தான் எடிட் பண்ணேன். அதே ஸ்லோ மோஷன், வேற மியூசிக். ரெண்டு நாள்ல போன் மேல போன். ஒரு பையன் பல்லடம் பக்கத்துல இருந்து நேர்ல வந்தான். பத்தொம்பது வயசு இருக்கும். கண்ணு ரெண்டும் குதிரை மேலயே இருந்துச்சு. குதிரை ஏறியிருக்கியான்னு கேட்டோம். 'ஊட்டில ஏறியிருக்கேங்கண்ணா'ன்னான்.

ஒரு வருஷத்துல நாங்க மூணாவது கை. எங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வாங்கி, பயந்து, அடிச்சு, விலை குறைச்சு வித்திருக்காங்க. ஒவ்வொரு கையிலயும் அந்தக் குதிரை ஒரு கெட்ட பழக்கத்தைக் கத்துக்கிட்டு வெளிய வந்திருக்கு. மேல எழுந்தா மேல இருக்கறவன் இறங்கிடுவான்னு அதுக்குத் தெரியும், நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். நாலாவது கை, அஞ்சாவது கை போனா என்ன ஆகும்? கடைசியில யாருக்கும் வேண்டாத குதிரை ரோட்டுல குப்பை தின்னுட்டு நிக்கறதை நீங்களும் பாத்திருப்பீங்க. நாம விழுந்தா காறை எலும்பு ஆறு வாரத்துல கூடிடும். அதுக்கு அப்படி இல்ல. இருபத்தஞ்சு, முப்பது வருஷம் வாழற உயிர் அது.

பையன் அட்வான்ஸ் கையில வெச்சிருந்தான். என் நண்பன் என்னைப் பாத்தான். நான் ஒண்ணும் பேசல, அதையும் ஒத்துக்கறேன். அவன்தான் தூளியில இருந்த கையைக் காட்டி, 'தம்பி, இது இந்தக் குதிரைதான் பண்ணுச்சு. இது உனக்கு ஆகாது. எனக்கும் ஆகல'ன்னான்.

பையன் நன்றி சொல்வான்னு நினைக்கறீங்களா? கோவப்பட்டான். 'உங்களுக்கு ஓட்டத் தெரியலீங்கண்ணா, எனக்கு வரும்'னுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டு மாசம் முன்னாடி எங்ககிட்ட யாராவது சொல்லியிருந்தா நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம்.

கடைசியில அந்தியூர்ல பாத்த பெரியவர் மூலமா, குதிரை பழக்கறவர் ஒருத்தர் எடுத்துக்கிட்டார். வாங்கின விலையில பாதிக்கும் கம்மி. எழுந்து நிக்கற பழக்கம், வயித்து வலி வந்தது, எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டுத்தான் என் நண்பன் கயிறு மாத்திக் குடுத்தான்.

இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா அவர் இடத்துக்குப் போய்க் கத்துக்கறான். பதினேழு வயசு பெட்டைக் குதிரை, கொஞ்சம் தொப்பை, ஒரு காது கிழிஞ்சது. ரீல்ஸுக்கு ஆகாது. இவன் தப்பாக் கடிவாளம் இழுத்தா நின்னு, திரும்பிப் பாத்து, இவன் சரி பண்ற வரைக்கும் காத்திருக்குமாம். மூணு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் நாலு தடவை விழுந்திருக்கான், எண்ணிக்கிட்டு இருக்கான்.

நம்ம ஆளோட பழைய குதிரையும் அங்கதான் நிக்குது. போனதும் முதல்ல அதுக்கு ஒரு கட்டுப் புல்லு போட்டுட்டுத்தான் கிளாஸுக்குப் போவானாம். ஏறறது மட்டும் இல்ல.

அவ்வளவுதான் மக்களே. உங்க செட்ல யாராவது குதிரை ரீல்ஸ் ஃபார்வர்ட் பண்ணி 'எப்படி'ன்னு கேட்டா, இந்த எபிசோடைத் திருப்பி ஃபார்வர்ட் பண்ணுங்க. கோவப்படுவான், பரவாயில்ல. அடுத்த வாரம் பாக்கலாம்.